கிரீஸ் போட்ட மறுநாள் பேரிங் ஏன் சுடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மில் நிறுத்தத்தில் எல்லா மோட்டாருக்கும் கிரீஸ் அடித்தாயிற்று. திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் ஒரு மோட்டாரின் பேரிங் கவரில் கை வைக்க முடியவில்லை. கிரீஸ் மட்டமா, பேரிங் போலியா? பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலும் கிரீஸிலும் குறையில்லை, பேரிங்கிலும் குறையில்லை. கிரீஸ் அதிகமாகிவிட்டது. பேரிங்குக்குள் உராய்வைக் குறைக்கும் வேலையைச் செய்வது மிகச் சிறிதளவு எண்ணெய்தான். அதற்கு மேல் திணிக்கும் கிரீஸ் உராய்வைக் கூட்டுகிறது.

உடனே செய்ய வேண்டியது இது. மோட்டாரை நிறுத்திப் பேரிங்கைக் கழற்றும் அவசரம் வேண்டாம். கிரீஸ் வெளியேறும் டிரெயின் பிளக் இருந்தால் அதைத் திறந்துவிட்டு மோட்டாரை ஓட விடுங்கள். மிஞ்சிய கிரீஸ் தானாக வெளியே வரும். மணிக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து எழுதுங்கள். புதிய கிரீஸ் போட்டதும் சூடு கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஓரிரு நாளில் அது இறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. இறங்காமல் நின்றாலோ, சூட்டோடு சத்தமும் சேர்ந்தாலோதான் கவரைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும்போது அளவு தானாக வரும்.

குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவில்

பேரிங் குண்டு ரேஸைத் தொடும் இடம் மிகச் சிறியது. மோட்டாரின் சுமை முழுவதும் அந்தச் சிறு பரப்பில் இறங்குவதால் அங்கே அழுத்தம் சாதாரணமாகவே 1 கிகாபாஸ்கலைத் தாண்டும். நமக்குப் பழகிய கணக்கில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 டன். இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியே ஓடிவிடாதா என்று கேட்கத் தோன்றும். அறிஞர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் எழுதிய உயவுச் சமன்பாடு புஷ் பேரிங்குகளுக்குச் சரியாகப் பொருந்தியது. அதையே பல்சக்கரங்களுக்குப் போட்டு 1916-இல் மார்ட்டின் கணக்கிட்டபோது, எண்ணெய்ப் படலம் இருக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு மெல்லியதாக வந்தது. ஆனால் பல்சக்கரங்கள் தேயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

விடுபட்டவை இரண்டு. அந்த அழுத்தத்தில் எஃகே மீள்தன்மையோடு கொஞ்சம் தட்டையாகிறது. எண்ணெயின் விஸ்காசிட்டி, அதாவது ஓட மறுக்கும் பிசுபிசுப்பு, லட்சக்கணக்கான மடங்கு ஏறி, எண்ணெய் ஏறக்குறைய திடப்பொருளாகிவிடுகிறது. தொடுபரப்பைக் கடந்துபோக எண்ணெய்க்குக் கிடைக்கும் நேரம் ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அதற்குள் பிதுங்கி ஓட முடியாமல் நடுவிலேயே சிக்கிக்கொண்டு இரண்டு உலோகங்களையும் பிரித்து வைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சோவியத் ஆய்வாளர்கள் எர்டெலும் குருபினும் கணக்கிட்டார்கள். 1959-இல் டௌசனும் ஹிக்கின்சனும் கணினி கொண்டு விரிவாகத் தீர்த்தார்கள்.

அந்தப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே. மில்லில் பறக்கும் ஒரு பஞ்சு இழையின் பருமன் 12 முதல் 20 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு மெல்லியது என்று புரியும். பேரிங்கின் ஆயுள் முழுவதும் இந்தப் படலத்தைத்தான் நம்பியிருக்கிறது.

பின்னாளில் ஹாம்ராக்கும் டௌசனும் கொடுத்த சூத்திரத்தைப் பராமரிப்புக்காரர் பார்வையில் படித்தால் மூன்று செய்திகள் கிடைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் படலம் சுமார் 60 சதவீதம் தடிக்கிறது. விஸ்காசிட்டி இரண்டு மடங்கானாலும் ஏறக்குறைய அதே 60 சதவீதம். சுமை இரண்டு மடங்கானால் படலம் மெலிவது 5 சதவீதம் அளவுக்குத்தான். கிரீஸ் எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பது அந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. தொடுபரப்பின் வாசலுக்கு எண்ணெய் வந்து சேர்ந்தால் போதும், கூடுதலாக இருப்பது படலத்தைத் துளியும் தடிமனாக்காது.

உராய்வு எவ்வளவு, எங்கிருந்து?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன் மோட்டார்களில் பரவலாகக் காணப்படும் பேரிங் 6309. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் 45 மி.மீ. வெளிவிட்டம் 100, அகலம் 25 மி.மீ. பால் பேரிங்கின் உராய்வுக் குணகத்தை 0.0015 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பெல்ட் இழுவையால் 2000 நியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ சுமை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 1500 ஆர்.பி.எம். வேகத்தில் அந்த பேரிங் உராய்வில் இழப்பது ஏறத்தாழ 10 வாட். ஒரு சிறிய எல்.இ.டி. பல்பின் செலவுதான்.

ஆக, சரியாக உயவிட்ட பேரிங் தானாகப் பெரிய சூட்டை உண்டாக்காது. 90 சதவீதத் திறனுள்ள 15 கிலோவாட் மோட்டார் ஒன்றரை கிலோவாட்டுக்கும் மேல் வெப்பமாக இழக்கிறது. பேரிங் கவரில் கை வைத்தால் தெரியும் சூட்டில் பெரும்பகுதி வைண்டிங்கிலிருந்தும் ரோட்டரிலிருந்தும் வந்தது. கூலிங் ஃபேன் கவரில் பஞ்சு அடைத்திருந்தால் பேரிங்கும் சேர்ந்து சுடும். அந்த நிலையில் கிரீஸ் அடித்து ஒரு பயனும் இல்லை, ஃபேன் கவரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பேரிங்கின் சொந்த உராய்வு நான்கு இடங்களில் பிறக்கிறது. குண்டு உருளும்போது எண்ணெயை நசுக்குவதில் ஒன்று. குண்டுக்கும் ரேஸுக்கும், குண்டுக்கும் கேஜுக்கும் இடையே ஏற்படும் சிறு வழுக்கலில் ஒன்று. ரப்பர் சீல் உரசுவதில் ஒன்று. கடைசியாக, வழியில் நிற்கும் கிரீஸைக் குண்டுகளும் கேஜும் கடைந்துகொண்டே இருப்பதில் ஒன்று. முதல் மூன்றும் பேரிங்கோடு பிறந்தவை. நான்காவதை நாம்தான் கிரீஸ் கன்னால் உண்டாக்குகிறோம்.

கடைவதில் பிறக்கும் சூடு அதோடு நிற்பதில்லை. ஐஎஸ்ஓ விஜி 100 எண்ணெயின் விஸ்காசிட்டி 40 டிகிரி செல்சியஸில் 100 சென்டிஸ்டோக். 70 டிகிரியில் அது 27 அளவுக்கும், 100 டிகிரியில் 11 அளவுக்கும் இறங்கிவிடும். 70-லிருந்து 100 டிகிரிக்குப் போனால் படலம் ஏறக்குறைய பாதியாகிறது. படலம் மெலிந்தால் உலோகத்தின் மேடுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். அந்த உரசலில் மேலும் சூடு. பேரிங் நல்லபடி இருக்க வேண்டும் என்று அடித்த கிரீஸே அதைக் கொல்வது இந்த வழியில்தான்.

சரி, எவ்வளவு போடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் பேரிங்குக்குப் பக்கவாட்டிலிருந்து மறுகிரீஸ் போடும் கணக்கு எளிது. வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். 6309-க்கு 100 × 25 × 0.005, அதாவது 12.5 கிராம். 6206-க்கு வெளிவிட்டம் 62, அகலம் 16, எனவே 5 கிராம். 6312-க்கு 130 × 31, எனவே 20 கிராம்.

கிராமைக் கன்னின் அடிக்கு மாற்றுவது உங்கள் வேலை. கைக் கன்களில் ஓர் அடிக்கு வெளிவரும் அளவு கன்னுக்குக் கன் வேறுபடும். 10 அடி அடித்து ஒரு காகிதத்தில் வாங்கிச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 10-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கன்னின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். ஓர் அடிக்கு 1.25 கிராம் என்றால் 6309-க்குப் பத்து அடி, 6206-க்கு நான்கு அடி. ஓரத்தில் பிதுங்கும் வரை அடிக்கும் பழக்கம் இந்த ஒரு வேலையால் நின்றுவிடும்.

புதிய பேரிங் மாட்டும்போது கணக்கு வேறு. பேரிங்கின் உள்ளே குண்டுகளுக்கு நடுவே கிரீஸை நன்றாக நிரப்பலாம். சுற்றியுள்ள ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். மீதி காலியாகவே இருக்கட்டும், கடைந்து தள்ளப்படும் கிரீஸ் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். கிரீஸ் என்பது சோப்பு இழைகளின் வலைக்குள் எண்ணெய் சிக்கியிருக்கும் பொருள். ஒதுங்கி நிற்கும் அந்த வலையிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து குண்டின் பாதைக்கு வருகிறது. அந்தக் கசிவு போதும், பேரிங் மாதக்கணக்கில் ஓடும். கசிவு வறண்டபின் கிரீஸ் போடாமல் விட்டால் அதுவும் ஆபத்து. படலம் பட்டினி கிடந்து மெலியும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? மோட்டார் தகட்டிலோ தயாரிப்பாளர் கையேட்டிலோ மணிக்கணக்கு இருக்கும். அது பொதுவாக 70 டிகிரி பேரிங் வெப்பத்துக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். கையேடு 8000 மணி என்றால் 85 டிகிரியில் 4000, 100 டிகிரியில் 2000. ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும் மோட்டாருக்கு இன்னொரு முறை பாதி. நிப்பிள் இல்லாத சிறு மோட்டார்களில் இருபுறமும் மூடிய பேரிங் இருக்கும். அதன் மூடியை நெம்பிக் கிரீஸ் திணிப்பதும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுவதும் வேண்டாம். சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

எந்தக் கிரீஸ்?

கடைக்குப் போனால் "2 நம்பரா, 3 நம்பரா" என்று கேட்பார்கள். அந்த எண் கிரீஸின் கெட்டித்தன்மை வகுப்பு. கிரீஸ் ஹவுசிங்கில் நிற்குமா, வழிந்துவிடுமா என்பதை அது சொல்லும். படலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. படலத்தைத் தீர்மானிப்பது கிரீஸுக்குள் இருக்கும் எண்ணெய். தயாரிப்பு விவரத் தாளில் 'பேஸ் ஆயில் விஸ்காசிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத டப்பாவை முக்கியமான இயந்திரத்துக்கு வாங்க வேண்டாம்.

தேவையான விஸ்காசிட்டியை நீங்களே கணக்கிடலாம். 1000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓடும் பேரிங்குக்கு, வேகத்தையும் சராசரி விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 4500-ஐ அதனால் வகுங்கள். 6309-இன் சராசரி விட்டம், அதாவது உள்விட்டம் 45-க்கும் வெளிவிட்டம் 100-க்கும் சராசரி, 72.5. வேகம் 1450 என்றால் விடை சுமார் 14 சென்டிஸ்டோக். ஓடும் வெப்பத்தில் எண்ணெய்க்குக் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும். விஜி 100 எண்ணெய் உள்ள கிரீஸ் 70 டிகிரியில் 27 கொடுக்கிறது, தேவையைப் போல் இரு மடங்கு. இந்த விகிதத்தைக் காப்பா என்பார்கள். 1-க்குக் கீழே போனால் உலோக உரசல், 4-க்கு மேலே போனால் வீண் உராய்வு. 2 என்பது நல்ல இடம். அதே மோட்டார் 90 டிகிரியில் ஓடினால் எண்ணெய் 14 பக்கம் இறங்கி விகிதம் 1-ஐத் தொட்டுவிடும்.

மெதுவாகச் சுற்றும் பேரிங்கில் கதை தலைகீழ். கன்வேயர் டிரம்மின் பிளம்மர் பிளாக்கில் 22220 ரோலர் பேரிங் 100 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது என்றால் (1000-க்குக் கீழே கணக்கு வேறு) தேவை 80 சென்டிஸ்டோக்குக்கும் மேல். மோட்டாருக்குப் போடும் கிரீஸை இங்கே போட்டால் 60 டிகிரியில் அதில் பாதிதான் கிடைக்கும். முழுப் படலம் உருவாகாது. இங்கே விஜி 320 அல்லது 460 எண்ணெய் உள்ள, ஈ.பி. சேர்மானம் கலந்த கிரீஸ் வேண்டும். மறுமுனையில், நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும் ரிங் ஃபிரேம் ஸ்பிண்டிலுக்கு விஜி 10 முதல் 22 வரையிலான மெல்லிய ஸ்பிண்டில் ஆயிலே போதும். வேகம் படலத்தைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒரே மில்லுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, ஒரே டின் கிரீஸால் எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. குறைந்தது இரண்டு வகை வைத்திருங்கள், வேகமானவற்றுக்கு ஒன்று, மெதுவானவற்றுக்கு ஒன்று. கன்களுக்கு வெவ்வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

கறுப்பாக இருக்கும் மாலி கிரீஸ் எல்லாவற்றுக்கும் உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படலம் உருவாக வாய்ப்பில்லாத மெதுவான, பாரமான இடங்களுக்கானது அது. 1500 அல்லது 3000 ஆர்.பி.எம். மோட்டாருக்கு அது தேவையில்லை.

கலப்பதிலும் கவனம் வேண்டும். மோட்டாருடன் வரும் கிரீஸ் பல நேரம் பாலியூரியா வகை. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது லித்தியம். இரண்டும் கலந்தால் சில சமயம் வலை குலைந்து கிரீஸ் கூழாகி வழிந்துவிடும், சில சமயம் இறுகிவிடும். வகை மாற்ற வேண்டுமென்றால் பேரிங்கையும் கவரையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு மாற்றுங்கள். லித்தியம் கிரீஸ் 180 டிகிரி வரை உருகாது என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி 150 டிகிரியில் ஓட்ட வேண்டாம். சாதாரண மினரல் எண்ணெய் உள்ள லித்தியம் கிரீஸுக்கு 120 டிகிரிக்கு மேல் வேலை இல்லை.

கிரீஸ் மேல் பழி விழும் வேறு மூன்று கோளாறுகள்

முதலாவது, சுமை போதாமை. ரோலர் பேரிங் உருள ஓரளவு சுமை வேண்டும். பெல்ட்டில் ஓடிய மோட்டாரை கப்ளிங்குக்கு மாற்றினால் ரோலர்கள் உருளாமல் வழுக்கும், ரேஸில் மெருகு கலையும், சத்தம் வரும். அந்த ரோலரை எடுத்துவிட்டுப் பால் பேரிங்குக்கு மாறலாமா என்று மோட்டார் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, வேகத்தை மாற்றும் டிரைவ் கொண்டு ஓடும் மோட்டார்களில் மின்னோட்டம் ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்குள் பாய்வது. அரை மைக்ரான் எண்ணெய்ப் படலம் மின்தடையாக நின்று, தாங்க முடியாதபோது பொறியாக வெடிக்கிறது. கிரீஸ் கறுக்கும். ரேஸில் குறுக்குவாட்டில் வரிவரியாகத் தடம் விழும். எந்த விலைக்கு வாங்கிய கிரீஸும் இதைத் தடுக்காது. இன்சுலேட்டட் பேரிங்கும் ஷாஃப்ட் எர்த்திங் ரிங்கும்தான் வழி.

மூன்றாவது, ஓடாமலே கெடும் பேரிங். அதிரும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் மாற்று மோட்டாரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் குண்டு ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து, எண்ணெயைத் தள்ளிவிட்டுப் பள்ளம் போடும். 1930-களில் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் அனுப்பிய புதிய கார்களின் சக்கர பேரிங்குகள் ஓடுவதற்கு முன்பே பழுதானதற்கு இதுவே காரணம். ஸ்டோரில் இருக்கும் மோட்டாரின் ஷாஃப்டை மாதம் ஒருமுறை கையால் சில சுற்றுச் சுற்றி வேறு நிலையில் நிறுத்துங்கள். அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள்.

நாளை ஷிஃப்டிலேயே தொடங்கலாம்

நிப்பிளைத் துடைக்காமல் கன்னை வைக்காதீர்கள். படலமே ஒரு மைக்ரானுக்குள் இருக்கும்போது, நிப்பிள் முனையில் ஒட்டிய மணல் துகள் ரேஸில் குழி போட்டுவிடும், உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். கிரீஸ் டின்னின் மூடி திறந்து கிடக்க வேண்டாம், பஞ்சுத் தூசி உள்ளே போகும். புதிய பேரிங்கைக் காகிதத்திலிருந்து எடுத்தவுடன் மாட்டுங்கள். அதன் மேல் இருக்கும் காப்பு எண்ணெயைக் கழுவத் தேவையில்லை. கழற்றிய பேரிங்கை ஏர் ஹோஸால் சுழற்றி விளையாடாதீர்கள். உயவில்லாமல் சுற்றுவதால் ரேஸ் கீறும், கேஜ் சிதறினால் ஆள் காயப்படும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் அட்டை வையுங்கள். பேரிங் எண், கிரீஸ் வகை, கிராம், எத்தனை அடி, போட்ட தேதி, போடுமுன் வெப்பம், மறுநாள் வெப்பம். கவரை அளக்கும்போது உள்ளே இருக்கும் இன்னர் ரேஸ் அதைவிட 5 முதல் 15 டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் அளவு எதையும் சொல்லாது. அதே மோட்டாரின் போன மாத அளவோடு ஒப்பிடும்போதுதான் நோய் தெரியும். 75 டிகிரியில் வருடக்கணக்கில் ஓடும் பேரிங் நலமானது. 50-லிருந்து ஒரே வாரத்தில் 65-க்கு ஏறிய பேரிங்கைத்தான் கவனிக்க வேண்டும்.

செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். இன்றே உங்கள் கிரீஸ் கன்னைப் பத்து முறை அழுத்தி எடை போடுங்கள். அந்த ஓர் எண் தெரியாமல் போடும் கிரீஸ் பராமரிப்பு ஆகாது.